தம்பி பேசிய இங்கிலீஷ்

காசிமேட்டுக் கரையில் அங்கம்மா ஏலம் விட்டால் ராயபுரம் ரயிலடி வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். அவ்வளவு தூரமெல்லாம் கேட்காது. என் வீடு வரைக்கும் கேட்கும். தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோத்துவிட்டு, கண் எரிய வந்து படுத்தவனுக்கு விடியலில் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பல நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். நேரில் திட்டியதில்லை. அவள் எதிர்வீடு. ஒரு வார்த்தை சொன்னால் அவள் பதில் சொல்லி முடிக்க அரை நாள் ஆகும், நின்று கேட்க எனக்குத் தெம்பு கிடையாது.

கட்டுமரங்கள் கரையேறியதும் மீனை மணலில் குவிப்பார்கள். ஒரு பக்கம் கட்டுமரக்காரர்கள், இன்னொரு பக்கம் கூடையோடு வியாபாரப் பெண்கள், நடுவில் அங்கம்மா. குவியலைக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டு விலை சொல்லத் தொடங்குவாள். எவள் கண் எந்த மீன்மேல் இருக்கிறது, எவளுக்கு இன்று கையைக் கடிக்கிறது, எவள் சும்மா ஏற்றிவிட நிற்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். கடலுக்குப் போனவனுக்கும் வயிறு எரியக்கூடாது, கூடை தூக்குகிறவளுக்கும் கட்டுப்படியாக வேண்டும். அப்படி ஓர் இடத்தில் விலையைக் கொண்டுவந்து நிறுத்துவாள். அவள் "போச்சு" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கரையில் பேச்சுக் கிடையாது. மரமும் இல்லை, வலையும் இல்லை, வாய் ஒன்றை வைத்துக்கொண்டு பிழைத்தவள்.

புருஷன் ஒரு புயலில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, மிச்சம் இருந்தது தம்பி ரகுபதி. அப்போது அவனுக்கு டவுசர் மாட்டத் தெரியாது. பங்காளிகள் வந்து, பையனைக் கட்டுமரத்தில் ஏற்றிவிடு, ஒரு ஆள் கூலியாவது வரும் என்றார்கள். அங்கம்மா அவர்களை விரட்டி அடித்தாள். கடலுக்கு ஒருத்தனைக் கொடுத்தது போதும் என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம், அப்புறம் டைப்படிக்கிற கிளாஸ், அப்புறம் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா வேலை. அவன் பேண்ட் போட்டுக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் புறப்பட்டபோது, நேரே ரோட்டுக்குப் போகவிடாமல் கரை முழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். ஷூவுக்குள் மணல் புகுந்து பையன் நெளிந்துகொண்டே நடந்தான். அவள் வலதும் இடதும் பார்த்துக்கொண்டே போனாள்.

அங்கம்மாவுக்குச் சுருட்டு உண்டு. கரையில் வேலை செய்த பெண்களில் பாதிப்பேருக்கு உண்டு. அதிலும் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கடற்காற்றில் நின்று பார்த்தால் புரியும். நெருப்பு வெளியே இருந்தால் பொறி பறந்து புடவையில் விழும். மீன் அள்ளின ஈரக் கையால் திரும்பத் திரும்பப் பற்றவைக்க முடியாது. உள்ளே இருந்தால் ஒரே சுருட்டு வெகுநேரம் வரும். அங்கம்மாவின் ஆத்தாள் விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவள், அவள் கொண்டுவந்த பழக்கம். புதிதாகப் பிடிக்கிறவளுக்கு மேலண்ணம் வெந்து தோல் உரியும். நாளாக ஆக அண்ணம் வெளுத்துத் தடித்து, சூடே தெரியாமல் போய்விடும். அப்படி ஆனவளை "வாயி உரம் ஏறிடுச்சி" என்று மெச்சுவார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அங்கம்மா மடக் மடக்கென்று குடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த வெளுப்பைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஒருத்தர் இல்லை. அதைப் பெருமையாக வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

டிராம் வண்டி நின்றுபோன அந்த வருஷம், பங்குனி மாதத்தில் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. கிராம்பு வைத்தாள், புகையிலையை வைத்து அடக்கினாள், ஒன்றும் கேட்கவில்லை. ரகுபதிதான் சொன்னான், மண்ணடியில் ஒரு சீனாக்கார டாக்டர் இருக்கிறார், வலி தெரியாமல் பிடுங்குவார் என்று. அந்தக் காலத்தில் பட்டணத்தில் பல் கட்டுவதில் சீனாக்காரர்களுக்கு நல்ல பேர். இவர் யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து வந்தவர். தமிழ் கொஞ்சம் வரும். வாயைத் திற, துப்பு, வலிக்கிறதா, நாளைக்கு வா, அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பல்லுக்கு வந்தாலும் வாய் முழுக்கப் பார்க்காமல் விடமாட்டார். நாக்கை ஒரு துணியால் பிடித்து வெளியே இழுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். கன்னத்தை விரல் விட்டு விரித்து உள்தோலைப் பார்ப்பார். சின்னக் கண்ணாடியை அண்ணத்துக்குக் கீழே வைத்து விளக்கைச் சாய்ப்பார். கடைசியில் தாடைக்குக் கீழே, கழுத்தோரமாக, விரலால் அழுத்தி ஏதாவது கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவுவார். சுருட்டுக்காரர்கள் நிறைந்த ரங்கூனில் எத்தனையோ வாய்களைப் பார்த்து வந்தவர். வலியோடு போகிறவர்களுக்கு இது பிடிக்காது. "ஒத்த பல்லப் புடுங்க சொன்னா வூடு முழுக்கப் பெருக்குறான்யா" என்று அலுத்துக்கொள்வார்கள். நானே அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கம்மா தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு தம்பியோடு போனாள். டாக்டர் வழக்கம்போல் எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர், அண்ணத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். பிறகு நிமிர்ந்து, கூட வந்தவனைப் பார்த்து இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். அவனும் இங்கிலீஷில் பதில் சொன்னான். அங்கம்மாவின் வாய் அப்போது திறந்தபடியே இருந்தது, கண்ணாடியின் காம்பு உதட்டில் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலே வெகுநேரம் பேசினார்கள். டாக்டர் ஒருமுறை தன் வாயைத் திறந்து தன் அண்ணத்தையே விரலால் தொட்டுக் காட்டினார். ரகுபதி ஏதோ கேட்டான். அவர் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். அவன் "எஸ் டாக்டர், எஸ் டாக்டர்" என்றான். அப்புறம் பல்லைப் பிடுங்கினார்.

மாடிப்படி இறங்கும்போது வாயில் பஞ்சோடு அவள் கேட்டாள்.

"இன்னாடா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லக்கா. பல்லு சொத்தை, அதான் புடுங்கிட்டாரே. சுருட்டு சூட்டுல வாய் கொஞ்சம் வெந்து கீதாம். தானா ஆறிடும்னாரு. சுருட்ட மட்டும் கொறச்சிக்க."

"அதுக்கா இம்மா நேரம் பேசுனாரு?"

"என் ஆபீஸப் பத்தி விசாரிச்சாருக்கா."

அதோடு அவள் வலியே போய்விட்டது. அன்று சாயங்காலம் நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"அண்ணாத்தே, நீ பாத்திருக்கணும். அம்மாம் பெரிய டாக்டரு, நின்னுகினு பேசுறாரு எந்தம்பிகிட்ட. இவன் தஸ்ஸு புஸ்ஸுன்னு சரிக்குச் சரி பேசுறான். நான் வாயப் பொளந்துகினு கேட்டுகினே குந்தினு இருந்தேன்."

எனக்கு மட்டும் சொன்னாளா? கரையில் எல்லாருக்கும் சொன்னாள். மீன் வாங்க வந்தவர்கள், வலை உலர்த்துகிறவர்கள், உப்பு வண்டிக்காரன், ஒருத்தரை விடவில்லை. ஏலத்துக்கு நடுவில் மூச்சு வாங்குகிற நேரத்தில்கூட அந்தக் கதை வரும். கரையில் அவளுக்கு நெருங்கிய தோஸ்து ரசூல் பீவி. வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து கரையில் ஆப்பமும் டீயும் விற்றுக்கொண்டிருந்தவள். அவள்தான் ஒருநாள், "போதும்மே, உந்தம்பி பேசுன இங்கிலீசு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி" என்று சொல்லி வாயை அடைத்தாள்.

ரகுபதிக்குக் காலடிப்பேட்டையில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் குணசுந்தரி; அவளுடைய அப்பா அதே ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. குப்பத்துப் பையனுக்கு அந்த இடத்தில் பெண் கொடுக்க அவர் முன்வந்ததே பெரிய காரியம் என்று பேசிக்கொண்டார்கள். வைகாசியில் கல்யாணம். அங்கம்மாதான் ஓடினாள், அலைந்தாள், பந்தலில் நின்று எல்லாரையும் அதட்டினாள். பந்தியில் அவள் இலையில் தயிர்சோறு மட்டும் இருந்ததை நான் எதிர்வரிசையிலிருந்து பார்த்தேன். குழம்பு வாயில் பட்டால் சுரீர் என்கிறது என்றாள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த ரகுபதி எழுந்து வந்து, தயிர் வாளியைப் பரிமாறுகிறவன் கையிலிருந்து வாங்கி, அவனே அக்காளுக்கு ஊற்றினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு தம்பியா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். இன்றைக்கு அந்தத் தயிரை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அவள் வாய் எதனால் எரிகிறது என்று தெரிந்துகொண்டே ஊற்றினான், பாவி.

கல்யாணமானதும் அவன் காலடிப்பேட்டையில் மாமனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடி போய்விட்டான். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை வந்தான். வந்தால் வாசலோடு நிற்பான், அவள் பேசும்போது வேறு எங்கேயாவது பார்ப்பான். பிறகு அதுவும் குறைந்தது. "புதுப் பொண்டாட்டி, அப்டித்தான் இருப்பான்" என்று அவளே எங்களுக்குச் சமாதானம் சொன்னாள். அவனுக்குச் சாப்பாடு பிடிக்கிறதோ இல்லையோ என்று நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துவைத்து ஆள் மூலம் அனுப்பினாள்.

ஐப்பசியில் ஒருநாள், மழை விட்ட நேரம், ரசூல் பீவி கொடுத்த டீயை அங்கம்மா வாயில் ஊற்றினாள். டீ மூக்கு வழியாக வந்தது. புரை ஏறியது என்று நினைத்து மறுபடி குடித்தாள். மறுபடியும் மூக்கில் வந்தது. வலி எதுவும் இல்லை. ரசூல் பீவி அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி வாய்க்குள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுப்பில் இருந்த ஆப்பச் சட்டியை அப்படியே இறக்கி வைத்தாள்.

"மேல ஓட்டை உழுந்து கீதும்மே. கெளம்பு."

"தம்பி வரட்டும். அவன் கூட வந்தாத்தான் டாக்டருகிட்ட பேச முடியும்."

"உந்தம்பி வர்றதுக்குள்ள விடிஞ்சி பொழுது போயிடும். நான் பேசுறேன், வா."

சீனாக்கார டாக்டருக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. வாயைப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரி போனே இல்லே?"

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் அங்கம்மா.

"தம்பி சொல்லலே?"

"பல்லு சொத்தைன்னு சொன்னீங்களே, அதான் சொன்னான்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவளுக்கு அது போதுமே. அவளே ஒவ்வொன்றாகக் கேட்டாள், அன்றைக்கு என்ன சொன்னீர்கள், முழுசும் சொல்லுங்கள் என்று. அவர் திக்கித் திக்கிச் சொன்னார். அண்ணத்தில் புற்று மாதிரி தெரிகிறது என்றேன். இந்த வாரமே ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றேன். இப்போது சின்னது, வெட்டி எடுக்கலாம், ரேடியம் வைக்கலாம், பிழைத்துவிடுவாள் என்றேன்.

"அவன் இன்னாவோ கேட்டானே. நீங்ககூட தலைய ஆட்டுனீங்களே."

டாக்டர் தட்டில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். ரசூல் பீவி விடவில்லை.

"கல்யாணம் இருக்கு, கல்யாணம் முடிஞ்சி போலாமா கேட்டான்," என்றார். "நான் கூடாது சொன்னேன். ரொம்ப சொன்னேன்."

ரசூல் பீவிக்கு அவர்மேலேயே கோபம் திரும்பியது. "இவ இங்கதான குந்தினு இருந்தா? வாயி இவுளுது. இவகிட்ட சொன்னா இன்னா, நாக்கு வெந்துடுமா?"

"வீட்டு ஆளுக்குத்தான் சொல்றது," என்றார் அவர். "பேஷண்டுக்கு சொன்னா பயம்."

எல்லா டாக்டர்களும் அப்படித்தான் செய்தார்கள், அது எனக்குத் தெரியும். இருந்தும் எனக்கு ஆறவில்லை. கெட்ட சேதியை அவளுக்குச் சொன்னால் பயந்துவிடுவாளாம். புயலில் புருஷனைக் கொடுத்துவிட்டு மறுவாரம் ஏலத்துக்கு வந்து நின்றவள் அவள். பேண்ட் போட்டு இங்கிலீஷ் பேசுகிறவனைப் பார்த்ததும் அவனைப் பொறுப்பானவன் என்று இவர் நினைத்துக்கொண்டார். அந்தப் பேண்டை வாங்கிக் கொடுத்தவள் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கம்மா அங்கே அழவில்லை. நேரே பஸ் ஏறிக் காலடிப்பேட்டைக்குப் போனாள். ரசூல் பீவியும் கூடப் போனாள், அவள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை. ரகுபதி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அக்காளோடு ரசூல் பீவியையும் சேர்த்துப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது, எழுந்து நின்றான். அங்கம்மா கத்துவாள் என்று ரசூல் பீவி எதிர்பார்த்தாள். அவள் குரலே எழும்பவில்லை.

"டாக்டரு இன்னா சொன்னாருன்னு இப்ப சொல்லுடா நைனா. தமிழ்ல சொல்லு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கல்யாணம் நின்னுடும்னு பயந்துட்டேன்க்கா. இந்த நோவு குடும்பத்துல ஒட்டிக்கும்னு சொல்றாங்க. இவங்க வூட்டுல தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்க. முடிஞ்ச அன்னிக்கே கூட்டினு போவலாம்னுதான் இருந்தேன்."

"கல்யாணம் வைகாசில முடிஞ்சிடுச்சே."

"அப்பால சொன்னா, முன்னாடியே தெரியும்னு ஆயிடுமே. நாள் ஆவ ஆவ வாய் வரலக்கா."

உள்ளே இருந்து குணசுந்தரி வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அன்றுதான் கேட்கிறாள், நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அங்கம்மா அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். தெருக்கோடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ரசூல் பீவியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நீ பாத்துகினேதான இருந்த? நான் எத்தினி பேருகிட்ட சொன்னேன், அவன் பேசுன இங்கிலீச." அப்போதுதான் அழுதாளாம். கண்ணீர், சளி, எச்சில் எல்லாம் ஒன்றாக வந்தது என்று ரசூல் பீவி சொன்னாள்.

அந்த வாரமே அங்கம்மாவும் ரசூல் பீவியும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். ரகுபதி லீவு போட்டுவிட்டு முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பரிசோதனையெல்லாம் முடிந்து, பெரிய டாக்டர் அவளை உட்கார வைத்துவிட்டு, வழக்கப்படி அவள் தலைக்கு மேலே பார்வையை ஓட்டினார். பின்னால் நின்ற ரகுபதியைக் கண்டதும் இங்கிலீஷில் தொடங்கினார். அங்கம்மா எழுந்தாள். தம்பியின் கையைப் பிடித்து, குழந்தையை நடத்துவதுபோல நடத்திக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லுங்க. தமிழ்ல."

அந்த டாக்டர் நல்ல மனுஷர். கொஞ்சம் திகைத்துவிட்டு, அவளுக்குப் புரிகிறமாதிரி சொன்னார். எலும்புக்குள் போய்விட்டது, கழுத்துக்கும் இறங்கிவிட்டது. வெட்டிப் பிரயோஜனம் இல்லை. ரேடியத்தால் வலி மட்டுப்படும், அவ்வளவுதான். பங்குனியிலேயே வந்திருந்தால் கதை வேறு என்று அவராகச் சொல்லவில்லை, அவள் கேட்டுத்தான் சொன்னார். இன்னும் எவ்வளவு நாள் என்றும் கேட்டாள். அடுத்த கோடையைப் பார்ப்பது கஷ்டம் என்றார். அவள் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

வெளியே ரகுபதி ஓடிவந்தான். "அக்கா, இன்னா சொன்னாரு? எவ்ளோ நாள்ல கொணமாவும்?" அங்கம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரசூல் பீவியோடு நடந்தாள்.

மறுநாள் கரைக்கு வந்தாள். ஏலம் முடிந்ததும் பெண்களை நிறுத்தினாள். குரல் மூக்கால் வந்தது, பாதி எழுத்துகள் கரைந்துபோயின, ஆனாலும் நான் என் வாசலில் நின்று கேட்டேன். தனக்கு என்ன வந்திருக்கிறது, எப்படி வந்தது, இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்பதையெல்லாம் எதையும் மறைக்காமல் கூவிச் சொன்னாள். டாக்டர் சொன்னதை ஒருத்தருக்கும் தெரியாமல் முழுங்கிவிட்டு மணப்பந்தலில் தயிர் ஊற்றினவன் யார் என்பதையும் சொன்னாள். அப்புறம், "வாயத் தொறங்கடி" என்றாள். சூரியன் முகத்தில் படும்படி ஒவ்வொருத்தியையும் மணலில் மண்டியிட வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தைப் பார்த்தாள். வெளுப்புக்கு நடுவில் சிவப்பாகவோ புண்ணாகவோ இருந்தவர்களை ரசூல் பீவியோடு சீனாக்கார டாக்டரிடம் அனுப்பினாள். அவரும் இப்போது வாயின் சொந்தக்காரியிடமே பேசினார். தெரியாத வார்த்தைக்குக் கையால் காட்டினார். அப்படிப் போனவர்களில் சிவந்தி என்று ஒருத்தி, அங்கம்மாவுக்குப் போட்டியாக ஏலம் விட நினைத்து அவளிடம் தினம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அவளுக்குச் சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தார்கள். சிவந்தி இன்றைக்கும் கரையில் நிற்கிறாள்.

ரகுபதி இப்போது ஞாயிறு தவறாமல் வந்தான். ஹார்லிக்ஸ் புட்டி, ஆரஞ்சுப் பழம், ஏதாவது கையில் இருக்கும். அங்கம்மா அவனை உட்கார வைத்து, குணசுந்தரி எப்படி இருக்கிறாள், வாந்தி நின்றதா, மாமனார் உடம்பு தேவலையா என்று எல்லாம் கேட்பாள். குணசுந்தரி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. "டாக்டர் அன்னிக்கு இன்னாக்கா சொன்னாரு?" என்று அவன் கேட்டால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் ரசூல் பீவியிடம் கேட்டான். "அவளையே கேளு" என்றாள். கரையில் கேட்டான். ஊருக்கே தெரிந்த சேதி, ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டிருக்கலாம். ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்தின கையை நினைத்துக்கொண்டானோ என்னவோ.

என்னிடமும் வந்தான். "அண்ணே, நீங்க படிச்சவரு. நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மாசி மாதத்தில் அவள் படுத்துவிட்டாள். கஞ்சியைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகுபதி வந்தபோது நானும் ரசூல் பீவியும் அங்கே இருந்தோம். அவன் முகம் என்றைக்கும் இல்லாமல் தெளிவாக இருந்தது.

"அக்கா, சித்திரைல ஒரு மாசம் லீவு கேட்டு கீறேன். குடுத்துடுவாங்க. வந்து உங்கூடவே இருக்கேன். உன்னக் காத்து வாங்க எண்ணூருக்குக் கூட்டினு போறேன். குணசுந்தரிக்கும் அப்பத்தான் பொறக்கும். நீதான் பேரு வைக்கணும்."

நான் ரசூல் பீவியைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். அங்கம்மா அவன் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"வா நைனா," என்றாள். "வந்து இரு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். தெருமுனையில் திரும்பி ஒருமுறை கையாட்டினான். அவன் தலை மறைந்ததும் ரசூல் பீவி தாங்கமாட்டாமல், "ஏம்மே அப்டி சொன்ன? அவன் நம்பினு போறான்" என்றாள்.

அங்கம்மா அவன் போன திக்கைப் பார்த்தபடியே சொன்னாள். வார்த்தை ஒவ்வொன்றும் மூக்கால் கசிந்து வந்தது.

"சந்தோசமா இருக்கட்டும். நானும் அப்டித்தான் இருந்தேன்."

பங்குனி பிறந்ததும் அவள் போய்விட்டாள். ஆள் போய்ச் சேதி சொன்னபோது ரகுபதி ஆபீஸில் இருந்தானாம். லீவு சாங்ஷன் ஆகிவிட்டது என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.